ராஜா இல்லாத நாட்டுக்கு ஸ்டாம்ப்புல யாரைப் போடுறது? ஸ்லோவாக்கியாவோட ஷ்டூர் தலைமுறை பத்தி கொஞ்சம் விளக்கமா

ஒரு நாட்டோட ஸ்டாம்ப்பையும் ரூபா நோட்டையும் வரிசையா வச்சுப் பாத்தாலே அந்த ஊர்க்காரங்க யாரைப் பெரிய மனுஷனா நினைக்கிறாங்கன்னு பாதி தெரிஞ்சிடும். பிரிட்டன்னா ராணி, ராஜா. அமெரிக்கான்னா ஜனாதிபதிங்க. ஸ்லோவாக்கியாவை எடுத்தீங்கன்னா அங்க இலக்கணம் எழுதுனவங்க, சர்ச்சுல பிரசங்கம் பண்ணவங்க, காசில்லாம பத்திரிகை நடத்துனவங்கதான் வந்து நிப்பாங்க. 2009 ஜனவரி 1ல யூரோ வர்ற வரைக்கும் அவங்க காசுக்குப் பேர் கொருனா, அந்த 200 கொருனா நோட்டுல இருந்தது அன்டோன் பெர்னொலாக், 500 கொருனா நோட்டுல இருந்தது லுடோவிட் ஷ்டூர், ரெண்டு பேருமே ஸ்லோவாக் மொழிக்கு எழுத்து வடிவம் குடுத்த ஆளுங்க. செக்கோஸ்லோவாக்கியா ஒரே நாடா இருந்தப்ப 1987ல வந்த 50 கொருனா நோட்டுலயும் இதே ஷ்டூர்தான். 2015ல அவரோட 200வது பிறந்தநாள் வந்தப்ப அந்த வருஷத்தையே ஷ்டூர் ஆண்டுன்னு அரசாங்கம் அறிவிச்சுது, பத்து லட்சம் 2 யூரோ காசு அவர் முகத்தோட அடிச்சாங்க, ஸ்டாம்ப்பும் விட்டாங்க.

ஏன் இவ்ளோ பாசம்னு கேட்டா காரணம் ரொம்ப சிம்பிள். ஸ்லோவாக் ஜனங்களுக்குன்னு ராஜ வம்சம் எதுவும் கிடையாது. கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் ஹங்கேரி ராஜ்யத்துக்குள்ளயே இருந்த ஜனங்க அவங்க. மேல்தட்டு ஆளுங்க லத்தீன், ஜெர்மன், அப்புறமா ஹங்கேரியன்னு பேசிட்டுப் போயிட்டாங்க, ஸ்லோவாக் பேசினது வயல்ல வேலை செஞ்சவங்களும் மலைப்பக்கத்துல ஆடு மேய்ச்சவங்களும் சின்ன டவுன் கைவினைக்காரங்களும்தான். அதனால "எங்க நாட்டை யார் ஆரம்பிச்சு வச்சது"ன்னு பின்னாடி திரும்பிப் பாத்தா போர்ல ஜெயிச்ச தளபதி யாரும் நிக்கல, இருபத்தேழு வயசு வாத்தியார் ஒருத்தரும் அவரோட ஸ்டூடண்ட்ஸும் கூட்டாளிங்களும்தான் நிக்கிறாங்க. அந்தக் கூட்டத்துக்குத்தான் ஷ்டூர் தலைமுறைன்னு பேர்.

ஷ்டூர் பொறந்தது 1815 அக்டோபர் 28, உஹ்ரோவெட்ஸ்னு ஒரு சின்ன ஊர்ல (1968ல உலகம் முழுக்க பேர் வாங்குன செக்கோஸ்லோவாக்கியா கம்யூனிஸ்ட் தலைவர் அலெக்சாண்டர் டுப்செக் பொறந்ததும் அதே ஊர்ல அதே வீட்லதான், 1921ல, இது எப்பவுமே எனக்கு ஆச்சரியமா இருக்கும்). இப்ப பிராட்டிஸ்லாவான்னு சொல்ற ஊருக்கு அப்ப பிரெஸ்பர்க்னு பேர், அங்க லூத்தரன் (புராட்டஸ்டன்ட்) சபையோட லைசியம்ல, அதாவது மேல்நிலைப் பள்ளில, படிச்சு, அப்புறம் ஜெர்மனில ஹாலே யுனிவர்சிட்டிக்குப் போய்ட்டு வந்து அதே லைசியம்ல பாடம் எடுத்தாரு. ஹாலேக்குப் போறதுக்கு முன்னாடியே, 1836 ஏப்ரல் 24 அன்னிக்கு பசங்களைக் கூட்டிக்கிட்டு டெவீன் கோட்டை இடிபாடுக்கு ஏறிப்போய், அங்க எல்லாரும் ஆளுக்கொரு ஸ்லாவ் பேர் (ஸ்லோவாக், செக், ரஷ்யன் எல்லாம் ஸ்லாவ் இனம்தான்) கூட சேத்துக்கிட்டாங்க. யோசெஃப் ஹுர்பான், யோசெஃப் மிலோஸ்லாவ் ஹுர்பான் ஆனது அங்கதான். இன்னிக்கு ஸ்லோவாக்கியால ஸ்கூல் பசங்களுக்கு இது மனப்பாடமா தெரியும், மேடை நாடகம் மாதிரி ஒரு காட்சி, ஓவியரு யாருக்கும் வேற எதுவும் தேவையில்ல.

ஆனா நிஜமான வேலை கோட்டை மேல நடக்கல, ஒரு பாதிரியார் வீட்ல நடந்துச்சு. 1843 ஜூலைல ஹ்லுபொகேங்கிற கிராமத்துல ஹுர்பானோட வீட்ல மூணு பேர் உக்காந்தாங்க: ஷ்டூருக்கு 27, ஹுர்பானுக்கு 26, மிகால் மிலோஸ்லாவ் ஹோஜாவுக்கு 31. மத்திய ஸ்லோவாக்கியால பேசுற பேச்சை வச்சு ஒரு எழுத்து மொழி உண்டாக்குறதுன்னு முடிவு எடுத்தாங்க. எடுத்துட்டு சும்மா இருக்கல, பக்கத்துல டோப்ரா வோடாங்கிற ஊர்ல இருந்த யான் ஹொல்லீங்கிற வயசான கத்தோலிக்கக் கவிஞரைப் போய்ப் பாத்து விஷயத்தைச் சொல்லி ஆசீர்வாதம் வாங்கிட்டு வந்தாங்க. இந்த விசிட்டை லேசா எடுத்துக்கக் கூடாது, இதுலதான் மொத்த அரசியலும் இருக்கு.

ஏன்னா ஸ்லோவாக்குக்கு அதுக்கு முன்னாடியே ஒரு எழுத்து வடிவம் இருந்துச்சு. 1787ல பெர்னொலாக்னு ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் மேற்கு ஸ்லோவாக்கியா பேச்சை வச்சு ஒண்ணு உருவாக்கியிருந்தாரு, ஹொல்லீ தன்னோட காவியங்களை எல்லாம் அதுலதான் எழுதினாரு. லூத்தரன் ஆளுங்க அதைத் தொடவே இல்ல, அவங்க பழைய செக் பைபிள் மொழியையே எழுதிக்கிட்டிருந்தாங்க, அதுக்குப் பின்னாடி ரெண்டு நூற்றாண்டுக்கு மேல பழக்கம் இருக்கு, பாட்டுப் புஸ்தகம் பிரசங்கம் எல்லாம் அதுலதான். அதாவது ஒரே ஜனம், பேசுறது ஒரே மொழி, சர்ச்சுக்கு ஏத்த மாதிரி ரெண்டு விதமா எழுதிக்கிட்டு இருந்தாங்க. லூத்தரனா இருந்த மூணு பேர் தங்களோட செக்கையும் விட்டுட்டு, கத்தோலிக்க பெர்னொலாக் வடிவத்தையும் எடுக்காம, மூணாவதா ஒண்ணைக் கொண்டு வந்துட்டு, எதிர்ப்பக்கத்துப் பெரிய கவிஞர் வீட்டு வாசல்லயே போய் நிக்கிறாங்கன்னா அது சாதாரண தைரியம் இல்ல. கடைசில 1847 ஆகஸ்ட்ல சாக்டிட்செங்கிற ஊர்ல தட்ரீன்ங்கிற ஸ்லோவாக் கலாச்சார சங்கத்தோட கூட்டத்துல ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டாங்க.

எல்லாரும் கை தட்டினாங்கன்னு நினைச்சுக்காதீங்க. அந்தக் காலத்துல ஸ்லோவாக்குகள்ல ரொம்பப் பெரிய பேரு யான் கொல்லார், ஸ்லாவ் ஒற்றுமை பத்தி காவியம் எழுதினவரு, அவர் கடுப்பாயிட்டாரு. செக்குகளும் நாமளும் ஒரே எழுத்து மொழில இருந்தாதான் பலம், இவனுங்க பிரிச்சு உடைக்கிறானுங்கங்கிறது அவர் வாதம். 1846ல பிராக்ல இருந்து புதுசா வந்த இந்த மொழிக்கு எதிரா ஒரு புத்தகமே வந்துச்சு, பல பேரோட கட்டுரைங்களைச் சேத்து. நேர்மையா சொல்லணும்னா கொல்லார் சொன்னதுலயும் விஷயம் இருந்துச்சு, கொஞ்ச ஜனம், காசு இல்ல, அச்சகம் இல்ல, பக்கத்துல பெரிய இலக்கியம் ரெடியா இருக்கு, அதை விட்டுட்டு தனியா போறது அன்னிக்கு கணக்குப் பாத்தா பைத்தியக்காரத்தனமாதான் தெரிஞ்சிருக்கும். ஷ்டூர் பக்கத்து வாதம் வேற மாதிரி. வீட்ல பேசாத மொழில எழுதினா அது படிச்சவனோடயே நின்னுடும், சாதாரண ஜனத்தை எழுப்ப முடியாது, அதோட ஹங்கேரி ராஜ்யத்துக்குள்ள உரிமை கேக்கும்போது "நீ எழுதுறது பக்கத்து நாட்டுக்காரன் மொழிதானே"ன்னு ஒரே வார்த்தைல தள்ளி விட்ருவாங்க.

அந்த நேரத்துல ஹங்கேரில நடந்ததையும் சேத்துப் பாக்கணும். அது வரைக்கும் ராஜ்யத்தோட ஆபீஸ் மொழி லத்தீன், அது யாருக்குமே தாய்மொழி இல்லங்கிறதால யாருக்கும் பெரிய வருத்தம் இல்ல. 1844ல சட்டம் போட்டு ஹங்கேரியனை ஆபீஸ் மொழியா ஆக்கிட்டாங்க. ஹங்கேரிக்காரங்க கோணத்துல பாத்தா அதுவும் வியன்னால இருந்த ஆஸ்திரியப் பேரரசரோட ஆதிக்கத்துக்கு எதிரா அவங்க நடத்தின மறுமலர்ச்சிதான், கொஷுத் மாதிரி ஆளுங்க அதுக்குத் தலைமை. ஆனா ஒரு மறுமலர்ச்சி இன்னொருத்தன் மேல ஏறி உக்காந்துதான் நடந்துச்சுங்கிறது ஸ்லோவாக் பக்கத்துல இருந்து பாத்தா தெரியும். ஷ்டூரை லைசியம் வேலைல இருந்து தூக்கினாங்க. 1844 மார்ச்ல அதை எதிர்த்து ஸ்டூடண்ட்ஸ் கொஞ்ச பேர் மூட்டையைக் கட்டிக்கிட்டு கிழக்கே ரொம்ப தூரத்துல இருக்கிற லெவோச்சாவுக்குக் கிளம்பிட்டாங்க. அந்த வேகத்துல யாங்கோ மாதுஷ்காங்கிற பையன், வயசு 23, ஊர்ல பாடுற ஒரு நாட்டுப்பாட்டு மெட்டுல தட்ரா மலை மேல மின்னுது, இடி இடிக்குதுன்னு ஒரு பாட்டு எழுதினான். இன்னிக்கு ஸ்லோவாக்கியாவோட தேசிய கீதம் அதுதான். வாத்தியார் வேலை போன கோவத்துல பொறந்த தேசிய கீதம்னா எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான்.

1845 ஆகஸ்ட் 1ல பத்திரிகை ஆரம்பிச்சாரு, ஸ்லோவாக் தேசியப் பத்திரிகைன்னு பேர், கூடவே தட்ரா கழுகுன்னு இலக்கிய இணைப்பு. அடுத்த வருஷம் இலக்கணப் புத்தகமும், இந்தப் பேச்சுல ஏன் எழுதணும்னு வாதாடுற புத்தகமும் வந்துச்சு. அதே 1846ல ஆண்ட்ரெய் ஸ்லாட்கொவிச் மரீனாங்கிற நீளமான காதல் கவிதையை வெளியிட்டாரு. பெரிய கவிதைங்க வர ஆரம்பிச்சதுக்கப்புறம் "இது சும்மா கிராமத்துப் பேச்சு"ன்னு சொன்னவங்க வாய் தானா மூடிக்கிச்சு, இலக்கணத்தை விட மரீனாதான் அதைச் சாதிச்சதுன்னு நான் சொல்வேன்.

ஒரு வேடிக்கை. ஷ்டூர் போட்ட எழுத்து முறை இன்னிக்கு இருக்கிற ஸ்லோவாக் இல்ல. அவரு பேசுறதை அப்படியே எழுதணும்னு பிடிவாதமா இருந்ததால சில எழுத்துங்களைத் தூக்கிட்டாரு, மெல்லிசா உச்சரிக்கிற ஒரு ல எழுத்து உட்பட, ஹோஜாவுக்கு அதுல உடன்பாடே இல்ல. 1851ல எல்லாத் தரப்பும் பிரெஸ்பர்க்ல உக்காந்து பேசி, 1852ல மார்ட்டின் ஹத்தாலா எழுதின இலக்கணம் அதையெல்லாம் திரும்பக் கொண்டு வந்துச்சு. ஸ்டாம்ப்புல ஷ்டூரோட முதல் பேரை இன்னிக்கு அச்சடிக்கும்போது முதல் எழுத்தே அவர் வேணாம்னு தள்ளின அந்த ல தான். இதை யாரும் தப்பா எடுத்துக்கறதில்ல, ஆனா ஒரு ஆளைத் தனியா தூக்கி "மொழியோட தந்தை"ன்னு போடும்போது இது மாதிரி விஷயங்கள் எல்லாம் ஓரத்துல போயிடும். மொழி முடிவானது பேரம் பேசித்தான், அந்தப் பேரத்துல கத்தோலிக்கரு, லூத்தரன், ஷ்டூரோட சண்டை போட்டவங்க எல்லாரோட கையும் இருக்கு.

அடுத்து 1848. ஹங்கேரில புரட்சி வெடிச்சுது, மே மாசம் லிப்டொவ்ஸ்கி மிகுலாஷ்ல, ஹோஜா பாதிரியாரா இருந்த ஊர்ல, ஸ்லோவாக் தேசத்தோட கோரிக்கைகள்னு 14 அம்சம் வாசிச்சாங்க. ஸ்கூல்லயும் ஆபீஸ்லயும் தாய்மொழி, தனி சட்டசபை, விவசாயிக்கு நிலம், இந்த மாதிரி. பதிலுக்கு மூணு பேர் மேலயும் வாரண்ட் வந்துச்சு. ஓடிப்போய் செப்டம்பர்ல வியன்னால ஸ்லோவாக் தேசிய கவுன்சில்னு ஒண்ணு அமைச்சு, சில நூறு வாலண்டியர்ஸோட எல்லை தாண்டி மியாவாவுக்கு வந்து, 19ஆம் தேதி பெஸ்ட் நகரத்துல (இன்னிக்கு புடாபெஸ்ட்ல ஒரு பகுதி) இருந்த ஹங்கேரி அரசாங்கத்துக்கு இனி கட்டுப்பட மாட்டோம்னு அறிவிச்சாங்க. ராணுவ ரீதியா பாத்தா அது சீக்கிரமே அடங்கிப் போச்சு. கூட இருந்த ரெண்டு இளைஞர்கள், ஷூலெக்கும் ஹொலுபியும், அக்டோபர்ல தூக்குல போடப்பட்டாங்க.

இங்கதான் ஸ்டாம்ப்புக்கு சங்கடமான பகுதி. இவங்க புரட்சிக்கு எதிர்ப்பக்கம், அதாவது வியன்னா பேரரசரோட சைட்ல நின்னாங்க. ஹங்கேரிக்காரங்க நினைவுல 1848 சுதந்திரப் போராட்டம், அதுல இந்த ஆளுங்க பேரரசரோட கையாளுங்க. எங்கெல்ஸ் 1849 ஜனவரிலயே இந்த மாதிரி சின்ன ஸ்லாவ் இனங்களை எதிர்ப்புரட்சின்னு திட்டி எழுதிட்டாரு, அதனால கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த ஆரம்பத்துல ஷ்டூரை என்ன பண்றதுன்னே கட்சி ஆளுங்களுக்கு ஒரு தலைவலி. அப்படியே விட்டுட முடியாது, தேசத்தோட பெரிய பேரு. தூக்கி வைக்கவும் முடியாது, எங்கெல்ஸ் சொல்லிட்டாரு. கடைசில நோட்டுல முகத்தைப் போட்டதை வச்சுப் பாத்தா எந்தப் பக்கம் ஜெயிச்சுதுன்னு தெரியுது. வியன்னாவும் இவங்களுக்கு ஒண்ணும் குடுக்கல, போர் முடிஞ்சதும் போலீஸ் கண்காணிப்புதான் கிடைச்சுது. ஷ்டூர் மோட்ரால அண்ணன் செத்துப்போக அவரோட ஏழு பிள்ளைங்களைப் பாத்துக்கப் போயிட்டாரு, 1855 டிசம்பர் 22 வேட்டைக்குப் போனப்ப தன்னோட துப்பாக்கியே வெடிச்சுக் காயம், 1856 ஜனவரி 12ல செத்துட்டாரு, வயசு 40. கடைசி வருஷங்கள்ல ஜெர்மன்ல எழுதி வச்ச புத்தகத்துல ஸ்லாவ் ஜனங்க எல்லாம் ரஷ்யாவோட சேரணும்ங்கிற அளவுக்குப் போயிருந்தாரு, அது அவர் செத்ததுக்கு அப்புறம் 1867ல ரஷ்யன்லதான் வெளியாச்சு. விழா நடத்துறவங்க இந்தப் புத்தகத்தைப் பத்தி அவ்வளவா பேச மாட்டாங்க.

சரி, ஸ்டாம்ப்புக்கு வருவோம். செக்கோஸ்லோவாக்கியா காலத்துல இருந்தே அந்தப் பகுதிக்கு ஒரு தனிப் பெருமை இருக்கு, ஸ்டீல் தகட்டுல கையால செதுக்கி அடிக்கிற ஸ்டாம்ப். செதுக்குறவரு ஸ்டாம்ப் எந்த சைஸோ அதே சைஸ்ல, கண்ணாடில தெரியுற மாதிரி இடவலம் மாத்தி, உளியால கோடு கோடா வெட்டுவாரு. அந்தப் பள்ளத்துல மை நிக்கும், அழுத்தி அடிச்சா பேப்பர்ல மை லேசா மேடா நிக்கும், விரலை வச்சு ஓட்டினா தெரியும். 1993ல ஸ்லோவாக்கியா தனி நாடு ஆனதுக்கு அப்புறமும் மார்ட்டின் சினொவ்ஸ்கி மாதிரி கலைஞர்கள் இந்த வேலையை விடல. இதுல முகம் வரையணும்னா கோட்டுலயும் புள்ளிலயும்தான் எல்லாம், கன்னத்து நிழல் கூட கோடுதான், அதனால தாடி மீசை வச்ச 19ஆம் நூற்றாண்டு ஆசாமிங்க செதுக்குறவருக்கு லட்டு.

ஆனா எந்த முகத்தைப் பாத்து செதுக்குறது? ஷ்டூர்னு நாம பாக்குற முகத்துல ரொம்பப் பிரபலமானது யோசெஃப் கிளெமென்ஸ் வரைஞ்ச ஆயில் பெயிண்டிங், அது 1872ல வரைஞ்சது, ஆளு செத்து 16 வருஷம் கழிச்சு. யாங்கோ கிராலோட கதை இன்னும் மோசம். அந்தத் தலைமுறைலயே பெரிய கவிஞர்னு பலர் சொல்றது அவரைத்தான், 1848ல விவசாயிங்களைக் கிளப்பி விட்டதுக்காக ஜெயிலுக்குப் போனவரு, அவருக்கு நம்பகமான ஒரு படம் கூட கிடையாது, 1876ல ஸ்லாட்டே மொராவ்செல செத்தாரு, அங்க சரியா எந்த இடத்துல புதைச்சாங்கன்னு கூட தெரியாது. ஒரு தலைமுறையை முகங்களா காட்டணும்னு நினைச்சா முதல்லயே இவர் வெளிய போயிடுறாரு.

வெளிய போறது அவர் மட்டும் இல்ல. ஹுர்பானோட மனைவி அன்னா யுர்கொவிச்சோவா சொபோடிஷ்டேங்கிற ஊர்ல நாடகக்குழுல நடிச்சவங்க, முதல் ஸ்லோவாக் நடிகைன்னு அவங்களைச் சொல்றாங்க. பொண்ணுங்க மேடை ஏறுறதே வம்பு பேச்சா இருந்த காலம். அவங்க அப்பா சாமுவெல் யுர்கொவிச் ஒரு வாத்தியார், 1845 பிப்ரவரில அதே ஊர்ல ஒரு கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சாரு, மெம்பர்ஸ் சேமிக்கணும், கடன் வாங்கலாம், குடிக்கக் கூடாது. ஐரோப்பா கண்டத்துலயே முதல் கடன் கூட்டுறவு சங்கங்கள்ல ஒண்ணுன்னு அதைச் சொல்றாங்க. மறுமலர்ச்சின்னா கவிதையும் இலக்கணமும்தான்னு நினைக்கிறவங்க இதைப் பாக்கணும். சாராயத்துலயும் வட்டிலயும் மூழ்கின கிராமத்துக்குப் பத்திரிகை அனுப்பி என்ன பிரயோஜனம்னு இவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, ஹுர்பானும் ஹோஜாவும் ஊர் ஊரா மதுவிலக்கு சங்கம் வச்சது அதுக்குத்தான்.

ஸ்டாம்ப்பை விடப் பெரிய சைஸ்ல ஒரு நினைவுச் சின்னமும் இருக்கு, மேப்பு. 1948ல தெற்கு ஸ்லோவாக்கியால ஹங்கேரியன் பேசுற ஜனங்க அதிகமா இருக்கிற ஊர்களுக்கெல்லாம் பேர் மாத்தினாங்க, டானூப் கரைல பார்க்கான்ங்கிற ஊரு ஷ்டூரொவோ ஆச்சு, இன்னொண்ணு ஹுர்பானொவோ, இன்னொண்ணு ஸ்லாட்கொவிச்சொவோ, கொல்லாரையும் விடல, கொலாரொவோ. தன் மொழியைப் பிடுங்காதேன்னு சண்டை போட்டவங்க பேரை, இன்னொரு மொழிக்காரங்க ஊர் மேல கொண்டு போய் ஒட்டினாங்க. 1991ல ஷ்டூரொவோ ஜனங்க பழைய பேரே வேணும்னு ஓட்டுப் போட்டாங்க, அரசாங்கம் ஒத்துக்கல. ஸ்டாம்ப்பைப் பிடிக்கலன்னா வேற ஒண்ணை வாங்கி ஒட்டிக்கலாம், ஊர் பேருக்கு அந்த வசதி கிடையாது.

ஷ்டூர் போனதுக்கு அப்புறம் நிலைமை இன்னும் மோசமாச்சுங்கிறதையும் சொல்லிடணும். 1863ல மாட்டிட்சா ஸ்லொவென்ஸ்கான்னு ஒரு தேசிய கலாச்சார நிறுவனம் வந்துச்சு, தலைவரு கத்தோலிக்க பிஷப் மோய்ஸெஸ், துணைத் தலைவரு லூத்தரன் குஸ்மானி, அந்த ஜோடியே ஹ்லுபொகே வீட்ல ஆரம்பிச்ச சமரசத்தோட பலன்தான். 1875ல ஹங்கேரி அரசாங்கம் அதை மூடிடுச்சு, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி இருந்த மூணே மூணு ஸ்லோவாக் ஹைஸ்கூலையும் மூடியிருந்தாங்க. 1888ல ஹுர்பான் சாகும்போது தான் ஆரம்பிச்சது தோத்துப் போச்சுன்னு நினைச்சிருந்தா யாரும் தப்பு சொல்ல முடியாது. ஆனா மொழி அதுக்குள்ள கவிதைலயும் பாட்டுலயும் வீட்டுக்குள்ள போயிருச்சு, 1918ல செக்கோஸ்லோவாக்கியா வந்தப்ப கையில ரெடியா ஒரு எழுத்து மொழி இருந்துச்சு, அது இல்லாம இருந்திருந்தா செக்கே எல்லா ஆபீஸுக்கும் போதும்னு முடிஞ்சிருக்கும்.

என்னைக் கேட்டா இந்தத் தலைமுறைக்கு ஸ்டாம்ப் போடும்போது ஷ்டூரோட தாடியை மறுபடியும் செதுக்க வேணாம், மூணு பேரை வரிசையா நிக்க வைக்கிற குரூப் போட்டோ ஸ்டைலும் வேணாம். 1845 பத்திரிகையோட முதல் பக்கத்தை அப்படியே போடலாம், இன்னிக்குப் பழக்கம் இல்லாத அந்தப் பழைய எழுத்துக்கூட்டலோட, திருத்தாம. யார் முகமும் விட்டுப் போகாது, கிராலும் அதுல இருப்பாரு, கொல்லாரோட சண்டையும் அதுல இருக்கும், செதுக்குறவருக்கும் கோடு நிறைய கிடைக்கும்.